தலையாட்டியது யார்?

என் கல்யாணம் எப்படி முடிவானது என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குச் சிரிப்புதான் வரும்.

உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா கூப்பிட்டதும் வெடுக்கென்று எழுந்தேன். கை முறுக்கிக்கொண்டது, வாய் கோணியது, தலை தானாக ஆடியது. திடீரென்று எழுந்தால் எனக்கு இப்படித்தான். நினைவு தப்பாது, பேச்சுதான் வராது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்து எனக்கு விபூதி பூசிவிட்டார். "ஆத்தா வந்துட்டா! தாயி, இந்தச் சம்பந்தத்த முடிச்சிரலாமா?"

தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. முடித்துவிட்டார்கள்.

கல்யாணமான பிறகு என் கணவர் என்னைத் தல்லாகுளத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். அன்று விபூதி பூசிய அத்தையும் கூடவே வந்தார். மரபணுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மூளை நரம்புக்குள்ள உப்புச்சத்து போக ஒரு வாசல் இருக்கும்மா. அதைக் கட்டுப்படுத்துற மரபணுவுல உங்களுக்குக் கோளாறு. சின்ன மாத்திரைதான், அடங்கிரும்."

அத்தையின் முகம் வாடிவிட்டது. "அப்ப அன்னைக்குத் தலையாட்டுனது ஆத்தா இல்லையா?"

"இல்லத்தை. மரபணு."

என் கணவர் என்னையே பார்த்தார். "அப்ப உன்னைய யாருமே கேக்கலையா?" டாக்டர் இருப்பதையே மறந்துவிட்டார். "இப்பக் கேக்குறேன். என்னையப் பிடிச்சிருக்கா?"

தலையாட்டினேன்.

அத்தை பதறிப்போய் டாக்டரிடம் திரும்பினார். "சார், இப்ப ஆட்டுறது யாரு?"

மாத்திரை நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் எதற்காவது சம்மதம் என்றால் நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை. வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.