அழகுத்தாய் ஆஜர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நடந்த இடம் சுடுகாடும் இல்லை, புளியமரத்தடியும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு. அதுவும் பட்டப்பகலில், நூறு பேர் நிற்கும்போது. அனுபவப்பட்டவர் பீர் மைதீன். மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பத்திரிகைக்கு ராஜபாளையம் நிருபர். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ரெக்கார்டு இருக்கா என்று கேட்கிற ஆள். அவர் போய்ப் பேய்க்கதை கட்டுவாரா?

1987. மழை பொய்த்துப்போன வருஷம். செட்டியார்பட்டி அய்யம்மாள் அவரைத் தேடி வந்தாள். அவளுக்கு ஒரே மகள், அழகுத்தாய். கட்டிக்கொடுத்த இடம் சுந்தரபாண்டியம். புருஷன் குருவையா அடித்து விரட்டிவிட, ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். சித்திரைப் பௌர்ணமியன்று, சமாதானமாகப் போய்விடலாம் வா என்று அவன் வந்து கூட்டிப்போனான். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் இல்லை. கேட்டால், மறுநாளே கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றான்.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன் பாய். ஒம் மக நல்லாத்தான் இருக்கான்னு வெரட்டுதாவ."

"எங்க இருக்காளாம்?"

"அதைக் கேட்டா கதவைக் காட்டுதாவ. எம் பிள்ளைய எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

பீர் மைதீனுக்கு மனுஷரைவிடக் காகிதத்தின்மேல் நம்பிக்கை அதிகம். ஸ்டேஷனில் பழகிய ஏட்டையாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, புகார்க் கட்டை வாங்கிப் புரட்டினார். புகாரை முடித்துவிட்டிருந்தார்கள். 'மேற்படி அழகுத்தாய் ஜூன் 11, ஜூலை 9 ஆகிய தேதிகளில் கோர்ட்டில் ஆஜராகியுள்ளார். ஆகவே காணாமல் போனவராகக் கருத முகாந்திரம் இல்லை.'

கோர்ட்டில் போய்ச் சரிபார்த்தார். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வாய்தாவிலும் மனுதாரர் ஆஜர்.

பெற்றவளுக்கு முகம் காட்டாதவள், கோர்ட்டுக்கு மட்டும் தவறாமல் வருவாளா? பீர் மைதீன் யோசித்தார். ஆள்மாறாட்டம். குருவையா எவளையோ பேசி அனுப்புகிறான். அடுத்த வாய்தா ஆகஸ்ட் 13. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

காலை பதினொன்றே கால். கோர்ட்டுக்குள் எள் போட இடமில்லை. குருவையா முன்னால் நின்றான். டவாலி ஐயாதுரை வாசலுக்கு வந்து, கோர்ட்டு வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட்டார்.

"அழகுத்தாய்..."

"அழகுத்தாய்..."

குருவையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைக்கிற சாக்கில் காதையும் பொத்திக்கொண்டான்.

"அழகுத்தாய்..."

"வந்திருக்கேன்யா."

வாசல் பக்கமிருந்து, சன்னமான குரல். கிளார்க் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தா செப்டம்பர் 10. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் யார் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

பீர் மைதீன் பார்த்தார். குரல் வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் நின்றிருந்தார். அங்கே ஆள் இல்லை. ஒரு தூண்தான் இருந்தது. தூணடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது... இரண்டு பாதம் பதிகிற அளவுக்கு. கிணற்றுப் பாசி வாடை அடித்தது.

வராந்தாவில் ஐயாதுரையைப் பிடித்தார்.

"அது யாருய்யா பதில் சொன்னது?"

"நான் அந்தப் பக்கம் திரும்புறதில்ல பாய்."

"ஏன்?"

"மொத வாய்தால திரும்பிட்டேன்." உள்ளே போய்விட்டார்.

பீர் மைதீன் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். கூப்பிடும்போது இல்லாவிட்டால் கேஸ் தள்ளுபடியாகிவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பயத்தில் செத்த பிறகும் வாய்தா தவறாமல் வருகிறாள். அவள் வந்து பதில் சொல்வதால்தான் அவளைத் தேட ஆள் இல்லை. கொன்றவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுகிறான். பாவி மகளே, உனக்கு நீயே எதிர்ச் சாட்சியா? அவருக்கு அழுகை வந்தது.

அய்யம்மாளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நாலு நாள் கழித்து, செட்டியார்பட்டிக்குப் போய் எப்படியோ சொல்லி முடித்தார். அவள் அழவில்லை.

"எம் பிள்ளை கொரலுதானா?"

"எனக்கு அவ கொரலு தெரியாதேக்கா."

"நான் வாரேன். அவ எஞ் சொல்லுக் கேப்பா."

செப்டம்பர் 10. புதிய புகார் மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள் அய்யம்மாள். தூணடியில் போய் நின்றாள். தரை காய்ந்துதான் கிடந்தது.

பதினொன்று இருபது. ஐயாதுரை வாசலுக்கு வந்தார். பார்வை குனிந்தே இருந்தது.

"அழகுத்தாய்..."

பாசி வாடை அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை நனைந்தது.

அய்யம்மாள் தூணின் பக்கம் குனிந்தாள். "ஏட்டி... நீ பேசப் பேச அவன் தப்பிச்சிருதான். இன்னிக்கு ஒருநாள் வாயைப் பொத்திக்கோ தாயி." சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல், தன் வலது கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினாள்.

"அழகுத்தாய்..."

தூணடியில் ஏதோ முனகியது. ம்ம்... ம்ம்... பொத்திய வாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"அழகுத்தாய்..."

சொட்.

சொட்...

பதில் இல்லை.

கிளார்க் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "மனுதாரர் வரல்லையா?"

குருவையா வெடுக்கென்று திரும்பினான். தூணைப் பார்த்தான். முகம் சாம்பலாய்ப் போயிற்று. "ஏன்... ஏன் பேச மாட்டேங்கா?"

"யாரு?" என்றார் நீதிபதி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அய்யம்மாள் மனுவை நீட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே சுந்தரபாண்டியம் தோப்புக் கிணற்றிலிருந்து அழகுத்தாயை எடுத்தார்கள். பௌர்ணமி இரவிலேயே முடித்துவிட்டதாகக் குருவையா ஒப்புக்கொண்டான். சேலையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். மகள் எப்படிக் கிடந்தாள் என்று அய்யம்மாள் கேட்டபோது, தூங்குகிற மாதிரி என்று பீர் மைதீன் சொன்னார். ரெக்கார்டு இல்லாமல் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து ஏட்டையா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குருவையாவின் வாக்குமூலத்தையும் பிரேத விசாரணை அறிக்கையையும் அருகருகே வைத்தார்.

"ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டி, கல்லோட எறக்கினேன்னு சொல்லுதான். கயிறு அப்படியே இருந்துச்சு பாய். முடிச்சு அவுரல. இதைப் படிங்க."

பீர் மைதீன் படித்தார். அன்று பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதினார், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு.

'இடது கை கயிற்றுக்குள் இருந்தது. வலது கை வாயை இறுகப் பொத்தியிருந்தது.'