வழக்கத்துக்கு மாறாக

குழாய் வேலை செய்கிறவருக்குத் தலையில் இடிபடுவது கூலியோடு சேர்ந்து வருவது. தொட்டிக்கு அடியில் குனிந்து நுழைவார், நிமிரும்போது நங்கென்று ஒன்று வாங்குவார், தடவிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவார். முப்பது வருஷமாக இதே கதைதான். அன்று காலை ஒரு பள்ளிக்கூடத்தில் கை கழுவும் தொட்டிக்கடியில் இடித்துக்கொண்டதைப் பற்றியும் அவர் வீட்டில் வாயே திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரின் நெற்றிப் புடைப்பைப் பார்த்துவிட்டு மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷமாக அவருக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினம் இரண்டு வேளை மாத்திரை. எடுத்துக் கொடுப்பது அவள் வேலை, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவது அவர் வேலை.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று அவசரப் பிரிவு நர்ஸ் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சின்ன இடி," என்றார் மனுஷர்.

மனைவிக்கு வந்ததே கோபம்! "நீங்க சும்மா இருங்க. ரத்தம் உறையாம இருக்க இவருக்கு ரெண்டு வேளை மாத்திரை சிஸ்டர்," என்று மாத்திரை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதைப் படித்த நர்ஸ் உடனே எழுந்துவிட்டாள். அரை மணியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டரம்மா மனைவியைத்தான் உட்காரச் சொன்னாள். "இப்போ கசிவு இல்லம்மா. இந்த மாத்திரை சாப்பிடறவங்கள்ல நூத்துல ஒருத்தருக்கு அப்புறமா மெதுவா கசியும். ஒரு நாள் முழுக்கப் பக்கத்துலயே இருந்து பாருங்க. வாந்தி, தலைவலி, பேச்சு குழறல், வழக்கத்துக்கு மாறா எது தெரிஞ்சாலும் கூட்டிட்டு வந்துடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க."

வழக்கமாம் வழக்கம்! இந்த மனுஷருடைய வழக்கம் டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? தலைவலி என்று உயிர் போனாலும் சொல்லமாட்டார். சோற்றில் குறை, சட்டையில் குறை, அவள் நடக்கிற நடையில் குறை. சாயங்காலம் முழுக்க மணிக்கொரு தரம், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை கேட்டேன்னா நான் வீட்டை விட்டே போயிடுவேன்," என்று எரிந்து விழுந்தார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை டீ கொடுத்தாள். முழுசாகக் குடித்தார். "நல்லா இருக்கு," என்றார். பிறகு, "என்னால உனக்குத்தான் சிரமம்," என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் குளிர்ந்து போயிருப்பாள். இவள் அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடி மாட்டி, கையைப் பிடித்துக் கிளப்பினாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கூடவே வந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"வாந்தி எடுத்தாரா?" என்றாள் அதே டாக்டரம்மா.

"இல்ல."

"தலைவலி?"

"கேட்டா இல்லங்கறார்."

"பின்ன எதுக்கும்மா வந்தீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "டீ நல்லா இருக்குன்னு சொன்னார் டாக்டர். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட சொன்னதில்ல."

பக்கத்து நாற்காலிக்காரர் களுக்கென்று சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவரைக் கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

மறுபடி எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் ஒல்லியாக ஒரு கசிவு தெரிந்தது. மாத்திரையின் வேலையை முறிக்க ஊசிமருந்து ஏற்றினார்கள். நல்லவேளை, அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மனைவி தாழ்வாரத்தில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதாள். ஒரு நல்ல வார்த்தைக்கு இத்தனை வருஷம் காத்திருந்தேனே, அது நோயாகவா வரவேண்டும் என்று அவளுக்கு ஆறவேயில்லை.

ஆறாம் நாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றாள். மாத்திரையை நிறுத்தியே வைத்தால் நெஞ்சில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும், சீக்கிரமே தொடங்கினால் மறுபடி கசியலாம், அதனால் சில வாரம் பொறுத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்றாள்.

"அதுக்கு நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குச் சரியாத் தெரியணும். தலை கனமா இருக்கா? யோசனை மந்தமா இருக்கா?" என்று அவரைக் கேட்டாள்.

 அவர் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

"அவளைக் கேளுங்க டாக்டர். எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா பேனாவோடு அவள் பக்கம் திரும்பினாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.