ஓரிடம் தள்ளி நின்ற பெயர்கள்

கோமதி போய்விட்டார் என்று பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். எனக்குப் பிடிபடவில்லை என்று நினைத்து, "கிராஃப்ல தப்பு பண்ணி மாட்டிக்கிட்டாங்களே, அந்தக் கோமதிதான் சார்" என்று அடையாளம் வேறு சொன்னார். "அச்சா, அச்சா" என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்குள் துக்கம் பாதி, பயம் பாதி. அந்தப் பயத்தைச் சொல்லத்தான் அந்த ஆபீஸில் இருந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லி கரோல் பாக் மாடி ஒன்றில், அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் அந்த ஆபீஸில் நாம் ஏழெட்டுப் பேர் இருந்தோம். கோமதி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் வருவார். டெல்லியிலேயே பிறந்தவர், ஆனால் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. எதற்கெடுத்தாலும் பயப்படுவார். அவரை அதிகம் கிண்டல் செய்தவன் நான்தான். "தப்புன்னா மெஷினே கத்தும் கோமதி, சும்மா இருங்க" என்பேன். "கத்துத தப்புக்கு யாரு சார் பயப்படுதா? கத்தாம அழகா வந்து நிக்குமே, அதுக்குத்தான் பயப்படுதேன்" என்பார்.

நம் மென்பொருளில் எதையும் மவுஸால் இழுத்து வரைய முடியாது. எல்லாம் எழுத்தில் கட்டளை. தூண் படத்தின், அதாவது பார் கிராஃபின், கீழ்க்கோட்டுக்கு ஊர்ப்பெயர் தெரியாது; ஒன்று, இரண்டு, மூன்றுதான் தெரியும். எந்த எண்ணில் எவ்வளவு உயரத் தூண் என்று ஒரு பட்டியல், எந்த எண்ணின் கீழ் எந்தப் பெயர் என்று இன்னொன்று. இரண்டும் பொருந்துகிறதா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். கோமதி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிப்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மழைக்காலத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று, பஸ்தி எனப்படும் பன்னிரண்டு குடிசைப் பகுதிகளில் கைப்பம்புத் தண்ணீரைச் சோதித்த அறிக்கையைக் கொடுத்தது. தூண் உயரமாக இருந்தால் தண்ணீர் கெட்டது. படத்தைப் பார்த்துத்தான் எந்தப் பம்பைப் பூட்டுவது என்று முடிவு செய்வார்கள். நான்காவது இடத்தில் தண்ணீர் பிடித்த பாட்டில் உடைந்துவிட்டது, அதை எடுத்துவிடுங்கள் என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். உயரப் பட்டியலில் அந்த வரி நீக்கப்பட்டது. எண்களும் மாற்றப்பட்டன. பெயர்ப் பட்டியலை யாரும் தொடவில்லை. நான்காவது பெயரிலிருந்து ஒவ்வொரு பெயரின் மேலும் அடுத்த இடத்தின் தூண் வந்து நின்றது. கடைசிப் பெயருக்குத் தூண் இல்லை. ஓரிடத்துக்குத் தகவல் இல்லை என்று அடிக்குறிப்பே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று கோமதி லீவு.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். "சார், எங்க வீட்டுல வேலை செய்யுத செல்வி இருக்கால்லா, அவ பஸ்திக்குப் பக்கத்துப் பஸ்தி பம்பைப் பூட்டிட்டாங்களாம். அந்த ஜனமெல்லாம் இவ பம்புல வந்து நிக்காம். இது நல்ல தண்ணின்னு நம்ம படத்தை ஒட்டி வச்சிருக்காம். ஆனா இவ பிள்ளைக்கு எட்டு நாளா வயித்தால போகுது சார்."

ஃபைலைத் திறந்தோம். திரையில் ஸ்கேலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் நான்காவது பெயரில் நின்றுவிட்டார். எடுத்துவிடச் சொன்ன இடத்தின் பெயர் அங்கேயே இருந்தது. கெட்ட தண்ணீர் செல்வியின் பம்பில்; அவள் பஸ்தியின் உயரத் தூண்தான் பக்கத்துப் பஸ்தியின் பெயர் மேல் நின்றது. நாம் பூட்ட வைத்தது நல்ல பம்பை. நல்ல தண்ணீர் குடித்தவர்களையும் குடத்தோடு அங்கே அனுப்பியிருந்தோம்.

"நீங்க பேசுதீங்களா சார்?" என்று போனை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே தொண்டு நிறுவனத்துக்கு டயல் செய்தார். பதற்றத்தில் இரண்டு முறை தவறான எண் விழுந்தது. மறுமுனையில் யார் செய்தது என்று ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. "மேரீ கல்தீ ஹை பையா, பம்ப் ஜல்தி பந்த் கராயியே" என்றார் கோமதி; தப்பு என்னுடையது, பம்பைச் சீக்கிரம் பூட்ட வையுங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "யாரு செஞ்சதுன்னு பேசிட்டிருந்தா அதுக்குள்ள இன்னும் நாலு கொடம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார்.

அன்று மாலைக்குள் பம்பைப் பூட்டிவிட்டார்கள். செல்வியின் மகள் பிழைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்.

கோமதியே ஒப்புக்கொண்டதால், பட்டியல் மாறிய நாளில் அவர் லீவு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை; முதலாளி அவரைப் படங்களின் பக்கமே விடாமல் புரூஃப் மேஜைக்கு மாற்றினார். "கோமதி கையில கிராஃபைக் குடுத்துடாதீங்க" என்பது ஆபீஸ் வேடிக்கையானது. உங்களில் பலர் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமோ என்று பயந்து சிரித்தேன். கோமதி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறந்துவிடுவாரோ என்று பயந்தே அவரோடு டீ குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் எனக்காக ஏற்றுக்கொண்ட கெட்ட பெயர்தான். அவர் இறந்த செய்தியோடு சேர்ந்தே அது வந்ததைக் கேட்ட பிறகு, இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த நான்காவது வரியை நீக்கிவிட்டுப் பெயர்ப் பட்டியலை மறந்தது கோமதி இல்லை. நான்.