டீச்சர் நட்ட சுமைதாங்கி

சென்ற மாதம் ஒரு காலையில், விறகுச் சுமையோடு என் வேலியோரம் போன, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பாப்பாத்தி நின்று, "ஏனுங்க ரைட்டரே, நம்ம டீச்சரு போயிட்டாங்கங்க" என்றாள். என் பக்கத்துத் தோட்டக்காரர் செலின் டீச்சர் இறந்துவிட்டார். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் காதில் உறைத்தது அந்த 'நம்ம'. இத்தனை வருஷத்தில் என்னை அவள் ஒருநாளும் 'நம்ம ரைட்டரு' என்று சொன்னதில்லை.

டீச்சரை அறிந்தவர்களுக்குத் தெரியாததா? எனக்கு அவர்மேல் பொறாமை. இன்றைக்கும்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையிலிருந்தும் அவர் மிஷன் பள்ளியிலிருந்தும் ஓய்வு பெற்று, ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிலம் வாங்கினோம். மேல்மண்ணை மழை வழித்துக்கொண்டு போய், கல்லும் உண்ணிச்செடியும் மட்டும் மிஞ்சிய நிலம். இருவருக்கும் ஒரே ஆசைதான். மண்ணை மீட்க வேண்டும், அதைப் பார்த்து ஊர் கற்றுக்கொள்ள வேண்டும். நான் உடனே கயிறு பிடித்து நேர்க்கோடு போட்டேன். கம்பி வேலி, தகரக் கொட்டகை, பெஞ்சு, கரும்பலகை, செடிக்குச் செடி பெயர்ப்பலகை. டீச்சரோ அந்த மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். என்னவென்று கேட்டேன். "தண்ணி எப்படிப் போகுது, சனங்க எப்படிப் போறாங்கன்னு பாக்கறேனுங்க. கோடு அப்பறம் போட்டுக்கலாம்" என்றார். நான் சிரித்தேன்.

லைன் வீடுகளிலிருந்து கடைவீதிக்குப் போகும் குறுக்குப் பாதை எங்கள் இரண்டு நிலங்களையும் கடந்தது. என் பக்கத்தை நான் அடைத்தேன். அவர், மழைநீரைத் தேக்கச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய குழிகளின் கரையோடு பாதையை வளைத்துக்கொண்டு போனார். ஏற்றம் முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில், கழுத்து உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல்லை நட்டார். தலைச்சுமையை யார் கையும் படாமல் அதன்மேல் இறக்கி வைக்கலாம். இறக்கியவர்கள் நிற்பார்கள். நின்றால் எதிரே காப்பிப் பழத்தோலும் சருகும் மக்கும் குழி, பக்கத்தில் நாற்றுப் பாத்தி. கேள்வி தானாக வரும். "வேலையில இருந்தப்ப மணியடிச்சு உக்கார வெச்சேனுங்க. இனி நிக்கறவங்க நின்னு பாக்கட்டும், போறவங்க போகட்டும்" என்பார். லைன் வீடுகளின் பின்னால் அவரைக்காய்ப் பந்தலும் மக்குக்குழியும் வந்தன. என் கொட்டகையில் குளவி கூடு கட்டியது.

ஒருமுறை சேலத்துப் பக்கமிருந்து விவசாயிகள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். நான் அழைத்து வந்தவர்கள். கரும்பலகையில் படம் வரைந்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பேரைக் காணோம். சுமைதாங்கியைச் சுற்றி நின்று விறகுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார். "ரைட்டரு தோட்டத்து மொளகுக் கொடியப் பாக்காம எறங்கிப் போனா, மலையேறி வந்ததே தெண்டமுங்க." அந்தப் பெருந்தன்மையில் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னைப் பழித்துப் பேசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் சருகை எரிக்கவில்லை என்று நானும் எரிப்பதை நிறுத்தினேன். அவர் குழி முழங்கால் ஆழம் என்றால் என்னுடையது இடுப்பளவு. யார் பார்க்காவிட்டாலும் டீச்சர் பார்ப்பார் என்றே எல்லாம் செய்தேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு பிடி மண் கேட்டு வாங்கி முகர்ந்தார். "எம்மண்ணு இன்னும் இந்த வாசத்துக்கு வரலீங்க" என்றார். அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வேலியைப் பிரித்துப் பழைய பாதையைத் திறந்தேன். என் பக்கமும் ஒரு சுமைதாங்கி நட்டேன். நேற்று பாப்பாத்தி வந்து சுமையை இறக்கினாள். அந்த ஒரு வார்த்தை வருமா என்று பக்கத்திலேயே நின்றேன். வந்தது.

"நம்ம டீச்சரு கல்ல விட இது ஒசரமுங்க. கழுத்து நொம்ப வலிக்குது."

கல்லை இறக்கி நடச் சொல்லியிருக்கிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வயிற்றெரிச்சல் ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் காலையில் மண்வெட்டியை எடுக்க எனக்குக் கை வராது.