‘எழுதினது நான்’ என்று சொன்ன ஸ்டெல்லா மேடம்

செவ்வாய்க்கிழமை காலை பெண்ணாடத்தில், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் எங்கள் பஸ் நகராமல் நின்றிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா மேடத்தின் தம்பி பேசினார். “அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே.” ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் இறங்கிச் சாலையோரத்தில் வெகுநேரம் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கேஸ் சூளைகளைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் நிரல்களை எழுதியவர் அவர். பேனல் மாட்டி, வயர் இழுப்பது என் வேலை. ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம்.

முதல் வேலையிலேயே நான் இரண்டு சென்சார்களின் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அரை நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, ரெண்டாவது சூளைய பத்த வெச்சா மொத சூளை சூடாவுதுன்னு எழுதுது. பொய் சொல்றது அதுவா, நாமளா?” சிரித்தபடிதான் கேட்டார். நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிந்துவைக்கும் ஒரு சின்ன ஆயத்த நிரல்தொகுப்பை, லாக்கிங் லைப்ரரி என்பார்கள், அவர் எல்லா வேலையிலும் பயன்படுத்துவார். அந்தப் பதிவில்தான் என் தவறு அகப்பட்டது. பதிவாகும் வரி எப்படி இருக்க வேண்டும், நேரம் முன்னால் வருமா, செய்தி முன்னால் வருமா, எந்த மொழியில் வரும் என்பதையெல்லாம் நாமே அமைத்துக்கொள்ளலாம். நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். அவர் அதை மாற்றவில்லை. லைப்ரரியோடு வந்த வடிவத்தையே ஏழு பட்டறைகளிலும் விட்டுவைத்தார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு காலை பத்து மணிக்கு, அந்த ஏழில் ஒன்றில் மூன்றாவது பர்னர் அணைந்தது. கேஸ் நிற்கவில்லை. நிரல் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கையும் எழுதியது. தேதி, நேரம், நிரல் கோப்பின் பெயர், வரி எண், அதற்கெல்லாம் பிறகு ஆங்கிலத்தில் செய்தி. நான் மாட்டிய சின்னத் திரையில் அவ்வளவுக்கு இடம் இல்லை. செய்தி வலது ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்டது. அடுத்தடுத்து வந்த வெப்பநிலை வரிகள் அதையும் மேலே தள்ளிவிட்டன. சூளைக்காரர் குப்புசாமி வழக்கம்போல பர்னரை மறுபடி பற்றவைத்தார். உள்ளே தேங்கியிருந்த கேஸ் வெடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

துக்கத்துக்குக் கருவேப்பிலங்குறிச்சி போனோம். குப்புசாமியின் மனைவி அஞ்சலை, மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அந்தப் பொட்டி எதுனா ஆபத்துன்னா சொல்லும்னு சொன்னாரே. சொல்லலியாங்க?”

“சொல்லிச்சும்மா,” என்றார் மேடம். “அவருக்குப் புரியுற மாதிரி சொல்லல. அத எழுதினது நான்.”

அஞ்சலை கையை விட்டுவிட்டார்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்தார். விபத்து பற்றிய அரசு விசாரணைக்கு மேடம் அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்தார். வெட்டுப்பட்ட வரியைக் காட்டி, “குப்புசாமி மேல தப்பு இல்லைங்க, இந்த வரி மேலதான் தப்பு,” என்றார். திரையில் வரி வெட்டுப்படுவது முன்பே தெரியுமா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அந்த முதலாளியிடம் எனக்கு இன்னும் வேலைகள் பாக்கி இருந்தன. ‘கவனிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டேன். உண்மையில் கவனித்திருந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வெளியே வந்தபோது மேடம் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க வயரு மாட்டுனீங்க. எழுதினது நான்,” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தானாகவே உட்கார்ந்து அந்த வடிவத்தை மாற்றி எழுதினார். சூளைக்காரர்களைத் தேடிப்போய், “பர்னர் நின்னுட்டா நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். புது வடிவத்தில் தேதியும் கோப்பின் பெயரும் தனியாக உள்ளே பதிவாகும். திரையில் பெரிய சிவப்பு எழுத்தில் இவ்வளவுதான் வரும்: ‘மூணாம் பர்னர் அணைஞ்சிடுச்சி. கேஸ் வருது. பத்த வெக்காதீங்க.’ படித்துவிட்டதாகப் பட்டனை அழுத்தும்வரை அது போகாது.

அதை எடுத்துக்கொண்டு ஏழு பட்டறைகளுக்கும் நடந்தார். ஒன்றில் மட்டும் உள்ளே விட்டார்கள். மற்ற ஆறிலும், “ஓடிக்கிட்டிருக்கிறதுல கைய வெக்காதீங்க மேடம்,” என்றார்கள். மறுபடி போனார். கடிதம் போட்டார். வெயிலில் கேட் வாசலில் நின்றார். வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் நின்றார். ஒரு முறை வாட்ச்மேன் நாற்காலி கொடுத்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்குக் குரலே இல்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். “அண்ணே, அந்த ஆறும் இன்னிக்கும் ஓடுதில்ல?” என்றார். ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இறுதிவரை அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை அடக்கம் நடந்தது. முதலாளிகள் யாரும் வரவில்லை. புது நிரல் ஓடும் அந்த ஒரு பட்டறையிலிருந்து மூன்று பேர் வேலைத்துணியோடு வந்திருந்தார்கள். கையில் களிமண் காய்ந்திருந்தது. பிடிமண் போட்டதுமே கிளம்பிவிட்டார்கள். “சூளை அனல்ல இருக்குதுண்ணே, போயிட்டு வரோம்,” என்றார் மூத்தவர். மூவரும் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் மூவரும் மாலையில் வீடு திரும்புவார்கள்.

மேடம், அந்த ஆறு கேட்டுகளிலும் இனி நான் நிற்கிறேன். திறப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் இந்த முறை யாராவது அந்தத் திரையைப் பற்றிக் கேட்டால், கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.