எங்கள் வீட்டின் நான்காவது புகைபோக்கி

மைசூரில் டிசம்பர் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். எங்கள் வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரக் காபித் தோட்ட முதலாளியோ நான்கு புகைபோக்கிகள் வைத்தார். சீமையில் தான் பிறந்த கிராமத்து மாளிகையைப் போலவே இங்கும் ஒன்று வேண்டுமென்று அவர் மனைவி கேட்டாராம். அந்த மாளிகையின் சித்திரம் வீட்டோடு எங்களுக்கு வந்து, இன்னும் கூடத்தில் தொங்குகிறது. அந்த மாளிகையை ஒரு பக்கம் கோட்டை போல, இன்னொரு பக்கம் மாதாகோயில் போல, நடுவில் பள்ளிக்கூடம் போல என்று தலைமுறைக்கு ஒருவராக இடித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் நாங்களும் மரபு தவறவில்லை.

வீட்டை வாங்கிய கொள்ளுத்தாத்தா முதலில் தெற்கு வாசலை அடைத்தார். தெற்கு பார்த்த வாசல் ஆகாதாம். அதை ஜன்னலாக்கிவிட்டு, கிழக்கே பாத்திரம் கழுவும் இடத்தைத் தலைவாசல் ஆக்கினார். தூண் வைத்த போர்டிகோ மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இன்றும் கூரியர்காரர்கள் ஏழு படி ஏறி ஜன்னலைத் தட்டுகிறார்கள். தாத்தா ஒரு புகைபோக்கியின் தலையை வெட்டி அதன்மேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார். அப்பா இரண்டாவதன் வழியே மின்சாரக் கம்பிகளை இறக்கினார். மூன்றாவதை இடித்து, அந்தச் செங்கல்லில் ஒரு குளியலறை கட்டினார். கல்தரைமேல் மொசைக்கும் மொசைக்மேல் டைல்ஸும் ஏறியதில் கதவுகளின் அடியை இரண்டு முறை அறுக்க வேண்டியிருந்தது. அப்பா காலத்திலிருந்து நடந்த ஒவ்வொன்றும் தேதியோடு என் டைரியில் இருக்கிறது.

நான்காவது புகைபோக்கி அடைபட்டுப்போயிற்று என்பதுதான் வீட்டில் எல்லோருடைய எண்ணமும். அதன் கீழே, குளிர்காயத் தீ மூட்டும் கணப்படுப்பில்தான் அம்மாவின் கோவிலாழ்வார், பெருமாளும் சாளக்கிராமங்களும் இருக்கும் மரப்பெட்டி, இருக்கிறது. முன்னால் யாரோ மரச்சட்டமும் கதவும் போட்டு, அடுப்பென்றே தெரியாமல் செய்துவிட்டார்கள். அம்மா ஆரத்தி காட்டும்போது சுடர் எப்போதும் உள்பக்கமாகச் சாயும். பெருமாள் ஏற்றுக்கொள்கிறார் என்று வருகிறவர்களிடம் சொல்வாள். பதினொரு வருடம் முன்பு அந்தக் கதவை மாற்ற அளவெடுக்கையில் டார்ச் அடித்து மேலே பார்த்தேன். கையகலம் வானம் தெரிந்தது. அகலம் நான்கடி இரண்டங்குலம் என்று எழுதினேன். சுடரை இழுப்பது காற்று என்று அம்மாவிடம் சொல்ல மனமில்லாமல், வானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சென்ற வருடம் அண்ணா ஹெப்பாள் தொழிற்பேட்டைக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவு செய்து, வெளிநாட்டு விருந்தினர்களைத் தங்க வைப்பது அவர் திட்டம். பூஜை அறை அவர்களுக்கு நூலகம் ஆகும். பெருமாள் மாடிப் பின்னறைக்குப் போவார்.

“பெருமாளை மாடிக்கு ஏத்தினா தினம் என் முழங்காலையும் ஏத்தணுமேடா,” என்றாள் அம்மா. எழுபத்தெட்டு வயது.

“லிஃப்ட் வைக்கலாம்மா.”

“வெள்ளைக்காரன் லிஃப்டும் வச்சிருந்தானா?”

அண்ணா வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்களை உட்கார வைத்தார். கூடத்தில் ஃபைபரில் ஒரு கணப்படுப்பு பொருத்தினார். உள்ளே சிவப்பு பல்ப். ஸ்விட்ச் போட்டால் தீ ஆடும். பக்கத்து அறையில் அசல் ஒன்று இருப்பது தெரியாமல் அதற்கு ஆறு வாரம் அலைந்தார்.

பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். சிங்கத்தைத் தட்டிப் பார்த்தார். “இது புதுசுதானே?”

“ரொம்ப பழசு மேடம்.”

“விரல்ல சிமெண்ட் ஒட்டுதே.”

ஃபைபர் அடுப்பின் பின்னால் குனிந்தார். “ஆங்கிலேயர் காலத்தில் ப்ளக் பாயிண்ட் இருந்ததா?” அண்ணா என்னைப் பார்த்தார். நான் சித்திரத்தைப் பார்த்தேன்.

“அசலாக ஒரு பொருளாவது இருந்தால்தான் பதிவு செய்ய முடியும்,” என்றார் அதிகாரி.

பூஜை அறையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மா ஆரத்தி காட்டினாள். சுடர் உள்ளே சாய்ந்தது. அதிகாரி கைகூப்பியபடி சுடரைப் பார்த்தார், மரச்சட்டத்தைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்து கழுத்தை வளைத்து மேலே எட்டிப் பார்த்தார்.

“அம்மா, இது புகைபோக்கி!”

பதினொரு வருடம் காத்த ரகசியம் போயிற்றே என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றாள் அம்மா. “மழை பெஞ்சா பெருமாள் தலையில சொட்டும். அதான் மேலே ஒரு எவர்சில்வர் தட்டை சாய்ச்சு வச்சிருக்கேன். காத்து போறதுக்கு இடம் விட்டு.”

அண்ணாவின் முகம் ஃபைபர் அடுப்பைவிடச் சிவந்து பிரகாசித்தது. “பார்த்தீங்களா மேடம்! இந்தச் சட்டம், பெட்டி எல்லாம் எடுத்துட்டு அப்படியே பழையபடி...”

“எதையும் எடுக்கக் கூடாது,” என்றார் அதிகாரி. “நான் பார்த்தது எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் பதிவு.” எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: அசல் கணப்படுப்பு ஒன்று. வழிபாட்டில் உள்ளது. மரப்பெட்டி ஒன்று. எவர்சில்வர் தட்டு ஒன்று.

ஏழு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. சிங்கங்களும் ஃபைபர் அடுப்பும் முப்பது நாளில் அகற்றப்பட வேண்டும். பூஜை அறையில் எந்த மாற்றமும் கூடாது. வீட்டின் மற்ற பகுதிகளில் அனுமதியின்றி ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. என் குளியலறையில் மேற்கத்திய கழிப்பறை வைக்க நான் வரைந்திருந்த படமும் அதோடு முடிந்தது. எனக்கும் முழங்கால்கள் உண்டு என்பதை யாரும் பதிவு செய்யவில்லை.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. அண்ணா கூடத்தில் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பூஜை அறையிலிருந்து அவருக்குக் குரல் கொடுத்தாள்.

“ஏண்டா, இந்தத் தட்டை ஒரு விரற்கடை நகர்த்தணும். நானே நகர்த்தட்டுமா, இல்லே ஆபீஸுக்கு எழுதிப் போடறியா?”