கம்ப்யூட்டருக்கு ஆறாம் எண் கொடுத்த கதை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நடந்தது இது. என் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளையால் குவைத்திலிருந்து வர முடியவில்லை. கம்ப்யூட்டர் கேமராவிலேயே பார்த்துவிடுகிறேன் என்றார். பள்ளிப்பட்டிலிருந்து அவருடைய அப்பா மட்டும் வந்திருந்தார். அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் சகுனம் சரியில்லை என்று தட்டிப்போயிருந்தன. நான் பூ விற்பவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் கேமரா வைத்த கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து, பெருமையாகக் காட்டினார். "இதுதாங்க இதோட ஐ.பி. அட்ரஸ். நாலு நம்பர், நடுவுல புள்ளி. முன்னாடி மூணும் கடை பூரா ஒண்ணுதான். கடைசி நம்பர் மட்டும் மெஷினுக்கு மெஷின் வேற."

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "கடைசியில இன்னாப்பா, எட்டு கீது?"

"அது சும்மா நம்பருங்க."

"சும்மாவா? சனி நம்பர வச்சிகினு என் மவனுக்குப் பொண்ணு காட்டுவியா? ஆறுமுகன் ஊர்ல உக்காந்துகினு எட்டு இன்னாத்துக்கு? ஆறு போடு."

கடைக்காரர் எட்டை அழித்து ஆறு போட்டார். அவ்வளவுதான், திரையின் மூலையில் ஏதோ எச்சரிக்கை வந்து நெட் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டார். இது வந்தது, வாசல் பக்கம் கல்லாவில் இருந்த கம்ப்யூட்டர் போனது. அதை அணைத்துப் போட்டார். அது வந்தது; இது போனது.

குவைத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் ஓய்வாம். அவர் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "சகுனம் சரியில்லீங்க. நான் கிளம்பறேன்."

எதையாவது சொல்லி நிறுத்த வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "காபி சாப்பிடறீங்களா?" என்றுதான் வந்தது.

அதுவரை தலை குனிந்திருந்த என் மகள் நிமிர்ந்தாள். அவள் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனவள். "அண்ணா, ஆறாம் நம்பர் உங்க கல்லா மெஷினுக்குப் போட்டு வச்சிகீறீங்களா?"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆங்... கடை தொறந்த அன்னிக்கே போட்டேம்மா. சாமி நம்பராச்சே."

"அப்புறம் எப்படி வரும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மலை மேல ரெண்டு பேருக்கு ஒரே செருப்பு டோக்கன் குடுத்தா சண்டை வருமா, வராதா நைனா?"

வரும். நானே பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை. "அப்ப மறுபடியும் எட்டுக்கே போவணுமா?"

என் மகள் கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். "வேணாம் மாமா. இருநூத்தம்பத்திநாலு வரைக்கும் நம்பர் கீது. பதினஞ்சு யாருக்கும் குடுக்கலியாம். ஒண்ணும் அஞ்சும் கூட்டினா இன்னா ஆவுது?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆறு!" என்று சொல்லி, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து போட்டதும் நெட் வந்தது. மாப்பிள்ளை திரையில் வாயைப் பிளந்தபடி சிலை மாதிரி நின்று, பிறகுதான் அசைந்தார். "இன்னா நைனா இவ்ளோ லேட்டு?"

"நம்பர் பொருத்தம் பார்த்துகினு இருந்தோம்டா. பொண்ணே பார்த்துச் சொல்லிச்சு."

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது பேத்தி எதையாவது குறுக்கே கேட்டால் வீட்டில் எல்லோரும் அதட்டுகிறார்கள். நான் மட்டும் அவள் முழுசாகக் கேட்டு முடிக்கிறவரை காத்திருக்கிறேன், வழி அவள் வாயிலிருந்தும் வரலாம் என்று.

எழுதி முடித்தது: ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.